சக்கர நாற்காலியில் மலைப்பாதை: புறப்படுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் மறுவாழ்வுத் துறையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். குடும்பத்தார் அனைவரும் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ செல்லத் திட்டமிட்டிருப்பர். தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மகனையும் அழைத்துச் செல்லலாமா, அல்லது யாரேனும் ஒருவர் அவனோடு வீட்டில் தங்கிவிடுவது நல்லதா என்று தாயோ தந்தையோ கேட்பார். பெரும்பாலும் அக்கேள்வி எங்களை நோக்கியே வரும். அருகில் அமர்ந்திருக்கும் மகனை நோக்கி வருவதில்லை.

இக்கேள்விக்குப் பொதுவான 'ஆம்', 'இல்லை' என்ற விடை கிடையாது. ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். கால்கள் இயங்காமை என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு மலையும் காடும் மூடப்பட்டுவிடுவதில்லை. பாதை எப்படிப்பட்டது என்பது முன்கூட்டியே தெரியாமலிருப்பதும், உடலைப் பேணுவதற்கான ஆயத்தம் இல்லாமலிருப்பதும்தான் பயணத்தை ஆபத்தாக்குகின்றன. பாதையை அளந்து அறிய முடியும். உடலை ஆயத்தப்படுத்த முடியும். இவ்விரண்டையும் எவ்வாறு செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தண்டுவடக் காயமடைந்தோரை முதன்மையாகக் கருத்தில் கொண்டு எழுதுகிறோம். செயற்கைக்கால் அணிந்தோர், பக்கவாதத்திலிருந்து மீண்டோர், பார்வைக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கான குறிப்புகளையும் சேர்த்துள்ளோம்.

சாதனை வேறு, உலா வேறு

மாற்றுத்திறனாளிகளின் மலையேற்றம் என்றதும் நாளிதழ்களில் படித்த சாதனைகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் மார்க் வெல்மன் 1982இல் மலையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். 1989இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் எல் கேப்பிட்டன் என்னும் செங்குத்துப் பாறையை, நண்பர் பொருத்திக் கொடுத்த கயிற்றில் கைகளால் மட்டுமே இழுத்து இழுத்து ஏறினார். ஒவ்வோர் இழுப்பிலும் உயர்ந்தது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அவ்வாறு சுமார் 7,000 இழுப்புகள். பார்வையற்றவரான எரிக் வைஹன்மேயர் 2001இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தொடர்வண்டியிலிருந்து தள்ளப்பட்டு ஒரு காலை இழந்த நம் நாட்டின் அருணிமா சின்ஹா 2013இல் அதே உச்சியில் நின்றார்.

இவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் இச்செய்திகளால் எங்கள் நோயாளிகளின் மனத்தில் வேறோர் எண்ணமும் பதிந்துவிடுவதைக் காண்கிறோம். ஒன்று, எவரெஸ்ட் ஏறும் வீரராக இருக்க வேண்டும். இல்லையேல் வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் எதுவும் இல்லை என்பதே அந்த எண்ணம். காயத்துக்கு முன் நாம் எவரும் எவரெஸ்ட் ஏறியவர்கள் அல்லர். ஏரிக்கரையில் நடந்தோம், அருவியின் சாரலில் நின்றோம், மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். திரும்பக் கிடைக்க வேண்டியது இந்தச் சாதாரண இன்பமே. அதற்கு வீரம் தேவையில்லை, திட்டம்தான் தேவை.

இவ்வின்பத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தண்டுவடக் காயத்துக்குப் பின் வீட்டைவிட்டு வெளியே வராமல் ஆண்டுகளைக் கழிப்போர் பலர். உடலுழைப்பு குறைவதால் எடையும் சர்க்கரையும் கூடி, இதயநோய்க்கு இடம் உண்டாகிறது. மனச்சோர்வு மெல்ல வேரூன்றுகிறது. வெளியே செல்லும் பழக்கம் இவை அனைத்துக்கும் மருந்தாகிவிடாது. ஆயினும் எங்கள் மருந்துகளால் மட்டும் செய்ய இயலாத ஒன்றை அது செய்கிறது.

பாதையை அளந்து அறிதல்

'அந்த இடம் எளிதானது; சமதரைதான்' என்று யாரேனும் கூறினால் அதை அப்படியே நம்பிப் புறப்பட வேண்டாம். நடப்பவரின் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் பாதை, நாற்காலிச் சக்கரத்துக்கு ஏற்றமாக இருக்கும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தியிருக்கிறது. இவ்வகைப்பாடு கால்களால் நடப்போருக்கானது. 'எளிது' எனக் குறிக்கப்பட்ட பாதையில் மூன்று படிகள் இருந்தாலும் நாற்காலியின் பயணம் அங்கே நின்றுவிடும்.

எனவே நாம் கேட்க வேண்டியது ஐந்து செய்திகள்: பாதையின் மொத்த நீளம், குறைந்தபட்ச அகலம், மிகச் செங்குத்தான இடத்தின் சரிவு, பக்கவாட்டுச் சாய்வு, தரையின் தன்மை. அமெரிக்காவில் நடுவண் அரசின் நிலங்களில் அமைக்கப்படும் நடைபாதைகளுக்கு 2013இல் வகுக்கப்பட்ட விதிகள், இச்செய்திகளைப் பாதையின் தொடக்கத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டுமெனக் கூறுகின்றன. 'உன்னால் முடியும்' என்றோ 'முடியாது' என்றோ அப்பலகை தீர்ப்புச் சொல்வதில்லை. அளவுகளைத் தருகிறது, முடிவைப் பயணி எடுக்கிறார்.

அவ்விதிகளின் சில அளவுகள் நமக்கும் பயன்படும். பாதையின் அகலம் 91 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 20 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் சரிவு எவ்வளவு நீளத்துக்கும் இருக்கலாம். 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவு தொடர்ந்தாற்போல் 61 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதன்பின் இளைப்பாறச் சமதளம் வேண்டும். 8 அடிக்கு 1 அடி என்ற சரிவுக்கு அனுமதிக்கப்படும் நீளம் 3 மீட்டர் மட்டுமே. அதைவிடச் செங்குத்தாக எங்கும் இருக்கக்கூடாது.

இவற்றை அளக்கப் பொறியாளர் தேவையில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் சாய்வுமானி உண்டு. முன்னதாக அவ்விடத்துக்குச் செல்லும் உறவினர் ஒரு நேரான பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்துப் பார்க்கட்டும். 3 பாகை என்றால் 20க்கு 1. 5 பாகை என்றால் 12க்கு 1. 7 பாகை என்றால் 8க்கு 1. 7 பாகையைத் தாண்டினால் ஒருவர் தனியாகத் தள்ளிச் செல்லும் பாதை அதுவன்று. பக்கவாட்டுச் சாய்வையும் அளக்க வேண்டும். நாற்காலி கவிழ்வதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. பாதையை ஒளிப்படமாகவும் எடுத்து வந்தால், பயணம் செய்யப்போகிறவர் வீட்டிலிருந்தே பார்த்து முடிவு செய்யலாம்.

காட்டுக்குள் செல்லும் பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். அனுமதி கேட்கும்போதே சக்கர நாற்காலியில் வருவதைத் தெரிவித்து, வாகனம் எவ்வளவு தொலைவு வரை வரலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் வண்டி வந்து சேர முடியாத இடத்தை முதற்பயணத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நாற்காலியும் கருவிகளும்

மருத்துவமனை வராந்தாவுக்கென அமைந்த நாற்காலி, மண்பாதையில் தடுமாறும். குற்றம் முன்புறச் சிறுசக்கரங்களுடையது. அவை கல்லில் முட்டியதும் நின்றுவிட, அமர்ந்திருப்பவர் முன்னோக்கித் தூக்கி எறியப்படுவார். இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் உள்ளன.

முதலாவது, இருக்கும் நாற்காலியின் முன்பகுதியில் ஒற்றைப் பெரிய சக்கரத்தைப் பொருத்துவது. சிறுசக்கரங்கள் தரையிலிருந்து மேலெழும். மண்ணும் புல்லும் எளிதாகும். மின்கலத்தால் இயங்கும் முன்சக்கரப் பொறிகளும் உண்டு. சென்னை ஐஐடியில் உருவாகிச் சந்தைக்கு வந்த 'நியோபோல்ட்' அத்தகையது. ஆனால் அது சாலைப் பயணத்துக்கு ஏற்றது, கரடுமுரடான மலைச்சரிவுக்கன்று.

இரண்டாவது, நெம்புகோலால் இயங்கும் நாற்காலி. அமெரிக்காவின் எம்ஐடியில் ஏமஸ் வின்டரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நாற்காலியில், சக்கரத்தின் வளையத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதிலாக இரண்டு நெம்புகோல்களை முன்னே தள்ள வேண்டும். கோலின் மேற்பகுதியைப் பிடித்தால் விசை கூடும், அது ஏற்றத்துக்கு. கீழ்ப்பகுதியைப் பிடித்தால் வேகம் கூடும், அது சமதரைக்கு. மிதிவண்டிப் பாகங்களால் ஆனதால் சிற்றூர் மிதிவண்டிக் கடையிலும் பழுதுபார்க்கலாம். அதன் வடிவமைப்புச் சோதனைகள் நம் நாட்டிலும் நடைபெற்றன.

மூன்றாவது, பிறர் தாங்கிச் செல்லும் ஒற்றைச் சக்கர நாற்காலி. 1987இல் பிரான்சின் மலை வழிகாட்டி ஜோயல் குளோடெல், தசைச்சிதைவு நோயுற்ற தம் உறவினரான சிறுவனை மலைக்கு அழைத்துச் செல்லும்பொருட்டு இதனை உருவாக்கினார். 'ஜோலெட்' என்று அதற்குப் பெயர். நடுவில் ஒரே சக்கரம்; முன்னே ஒருவர் இழுக்க, பின்னே ஒருவர் சமநிலையைக் காப்பார். ஒற்றைச் சக்கரம் ஆதலால் ஒற்றையடிப் பாதையிலும் செல்லும். கனடாவில் 'டிரெயில்ரைடர்' என்னும் இதையொத்த ஊர்தி உருவாகக் காரணமானவர் சாம் சல்லிவன். பனிச்சறுக்கு விபத்தில் கைகால்கள் செயலிழந்த அவர், பின்னாளில் வான்கூவர் மாநகரின் மேயராகவும் விளங்கினார்.

இவற்றை நம் ஊரில் வாங்குவது எளிதன்று. ஆனால் இவற்றிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: பெரிய சக்கரம், அகன்ற டயர், தாழ்ந்த எடைமையம், பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறுசக்கரம், நன்கு பிடிக்கும் பிரேக், இடுப்புப் பட்டை, பாதம் நழுவாமல் காக்கும் பட்டை. இவை உங்கள் நாற்காலியில் உள்ளனவா என்பதை எங்கள் கருவியியல் பிரிவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கைகளால் தாமே தள்ளிச் செல்வோர் தோல் கையுறை அணிவது அவசியம். இறக்கத்தில் சக்கர வளையத்தைப் பிடித்து வேகத்தைத் தணிக்கும்போது உள்ளங்கை வெந்துவிடும்.

உடலில் கவனிக்க வேண்டியவை

1. தோல்

உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் நீடித்தால் தோலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும். சில மணி நேர அலட்சியத்தால் தோன்றும் புண் ஆறுவதற்குச் சில மாதங்கள் படுக்கையில் கிடக்க நேரிடலாம். எனவே 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, முன்னோக்கிக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஏறத்தாழ 2 நிமிடம் அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சும் காட்சியும் நேரத்தை மறக்கச் செய்துவிடும்.

பலரும் மறப்பது கார் பயணத்தை. மலையடிவாரத்திலிருந்து மேலே செல்லும் வளைவுச் சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெறும் கார் இருக்கையில் அமர்ந்திருப்பர். குஷனோ நாற்காலியோடு டிக்கியில் இருக்கும். குஷனை எடுத்துக் கார் இருக்கையில் போட்டு அமர வேண்டும்.

ஏர் குஷன் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மதுரையில் சரியாகக் காற்றடைத்த குஷன் மேலே சென்றதும் உப்பிக் கெட்டியாகும். அங்கே சிறிது காற்றை வெளியேற்றிவிட்டுத் திரும்பினால், கீழே வந்ததும் குஷன் தட்டையாகி, இடுப்பெலும்பு நாற்காலியின் அடித்தளத்தில் முட்டும். மேலே சென்றதும் ஒருமுறை, கீழே வந்ததும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். காற்றுப் பம்பை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

உணர்வற்ற கால்களுக்கு மலையில் வேறு ஆபத்துகளும் உண்டு. விடுதியின் கணப்பு, ஹீட்டர், வெந்நீர்ப் பை ஆகியவை அறியாமலே சுட்டுவிடும். குளிக்கும் வெந்நீரை உணர்வுள்ள முழங்கையாலோ உடனிருப்பவரின் கையாலோ சோதித்த பின்னரே காலில் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் ஏறுவதும் தெரியாது. ஒவ்வோர் ஓய்வின்போதும் காலுறையை இறக்கிப் பாருங்கள்.

2. திடீர் இரத்த அழுத்த உயர்வு

இப்பகுதியை உடன் செல்வோர் அனைவரும் படிக்க வேண்டுகிறோம். மார்புப் பகுதித் தண்டுவடத்தின் 6ஆம் நிலையிலோ அதற்கு மேலோ காயமடைந்தவர்களுக்கு, காயத்துக்குக் கீழே ஏதேனும் உறுத்தல் ஏற்பட்டால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். மருத்துவத்தில் இதனை 'ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா' என்பர். உறுத்தலை மூளை உணர்வதில்லை. ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. மூளை அனுப்பும் தணிப்புக் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே செல்ல இயலாது. கவனிக்காவிடில் வலிப்பும் மூளையில் இரத்தக்கசிவும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறிகுறிகள்: மண்டையை இடிப்பதுபோன்ற தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்வை, கீழே வெளிறிய தோலும் மயிர்க்கூச்செறிதலும், காரணமற்ற பதற்றம். இவர்களுடைய இயல்பான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரையே இருப்பது வழக்கம். ஆகையால் கருவியில் 140 என்று காட்டினாலும் 'இது சாதாரணம்தானே' என விட்டுவிடக் கூடாது. இயல்பைவிட 20 முதல் 40 வரை உயர்ந்தாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை: உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், படுக்க வைக்கக் கூடாது. இடுப்புப் பட்டை, காலுறை, காலணி, இறுக்கமான ஆடை அனைத்தையும் தளர்த்துங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதே காரணம்: கதீட்டர் மடங்கியுள்ளதா, யூரின் பேக் நிறைந்துள்ளதா என்று பாருங்கள். குழாய் இல்லாதவர்க்கு உடனே கதீட்டர் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுங்கள். அடுத்தது மலச்சிக்கல், அதற்கடுத்தது காலணிக்குள் கல், மடிந்த துணி, பூச்சிக்கடி. இரத்த அழுத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து வாருங்கள். இதற்கென முன்கூட்டியே மருந்து எழுதித் தரப்பட்டிருந்தால் அறிவுறுத்தியபடி கொடுங்கள். காரணம் புலப்படாவிட்டாலோ அழுத்தம் இறங்காவிட்டாலோ காலந்தாழ்த்தாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 வண்டிக்கு அழைக்கையில் 'தண்டுவடக் காயம், திடீர் இரத்த அழுத்த உயர்வு' என்று தெளிவாகக் கூறுங்கள். இவ்விவரங்கள் அடங்கிய அட்டையை எங்கள் துறையில் எழுதி வாங்கி, நாற்காலியின் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெப்பமும் குளிரும்

காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. குளிரில் நடுக்கமும் எழுவதில்லை. உடலைக் குளிர்விக்கவும் சூடேற்றவும் இயற்கை வைத்த வழிகள் பாதியில் நின்றுவிடுகின்றன. எனவே காலை 6 முதல் 9 மணிக்குள் பாதையை முடிப்பது நல்லது. தெளிப்பான் குப்பியில் நீர் எடுத்துச் சென்று முகம், கழுத்து, கைகளில் தெளித்து விசிறுங்கள். இவ்வாறு தெளித்த நீர் வியர்வையின் வேலையைச் செய்யும். மலையில் மாலைக்குள் குளிர் இறங்கும். கால்களுக்குக் கம்பளிக் காலுறையும் போர்வையும் உணர்வு கேட்காமலே தேவை.

4. சிறுநீரும் குடிநீரும்

கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சிப் பலர் காலையிலிருந்தே நீர் அருந்தாமல் புறப்படுகின்றனர். இது சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவகுக்கும். நீரைக் குறைக்காமல் ஏற்பாட்டைக் கூட்டுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் செலுத்துவோர், தேவைக்கு மேல் இரண்டு கதீட்டர்களும் கைகழுவும் திரவமும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு பெரிய குடையும் ஒரு போர்வையும் இருந்தால் எங்கும் மறைவிடம் அமைக்கலாம். மலங்கழிக்கும் நேரத்தைப் பயணத்துக்காக மாற்றாதீர்கள். வழக்கமான நாளில் அதை முடித்துவிட்டு மறுநாள் புறப்படுங்கள்.

5. தலைசுற்றல், எலும்பு, தோள்பட்டை

நீண்ட நேரம் அமர்ந்திருக்கையில் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றலாம். அப்போது நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக் கால்களை உயர்த்தினால் தெளியும். தலைவலியோடு முகம் சிவந்திருந்தால் அது முன்பு கூறிய அழுத்த உயர்வு. அப்போது சாய்க்கக் கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

நெடுநாள் நில்லாத கால்களின் எலும்பு பலமிழந்திருக்கும். பாதம் நழுவிக் கல்லில் சிக்கினாலே முறியலாம்; வலி தெரியாது. கால் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். சக்கரம் தள்ளுவோருக்குத் தோள்பட்டையே காலின் வேலையைச் செய்கிறது. ஏற்றத்தில் பிறர் தள்ளுவதை ஏற்றுக்கொள்வது இழுக்கன்று. நாளைக்கும் அந்தத் தோள் வேண்டும்.

பிற உடற்குறைகள் உடையோருக்கு

செயற்கைக்கால் அணிந்தோர்க்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். முட்டியின் கட்டுப்பாடு அப்போதுதான் சோதிக்கப்படும். ஊன்றுகோல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையாலும் வீக்கத்தாலும் சாக்கெட் இறுகும் அல்லது தளரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, தோலைத் துடைத்துப் பார்த்து, உலர்ந்த உறையை மாற்றி அணியுங்கள். கொப்புளம் தோன்றினால் அன்றைய நடை அத்துடன் முடிந்தது.

பக்கவாதத்திலிருந்து மீண்டோர் பாதத் தாங்கியை அணியாமல் மண்பாதையில் இறங்கக் கூடாது. ஊன்றுகோல் வலுவுள்ள கையில் இருக்கட்டும். துணைவர் பாதிக்கப்பட்ட பக்கத்தில், அரை அடி பின்னால் வரட்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் காயத்துக்கும் அட்டைக்கடிக்கும் கட்டுப்போடும் பொருள்களை வைத்திருக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உடையோருக்கு நீண்ட கழி ஒன்று போதும். முன்னும் பின்னும் இருவர் அதைப் பிடித்துச் செல்ல, நடுவில் இவர் பற்றிக்கொள்வார். கழியின் ஏற்ற இறக்கமே பாதையைச் சொல்லும். முன்செல்பவர் சிறு மணியைக் கட்டிக்கொள்வதும் உண்டு. வைஹன்மேயர் அம்முறையைப் பின்பற்றியவர்.

தசைச்சிதைவு நோயினாலோ கழுத்துத் தண்டுவடக் காயத்தாலோ மூச்சுத் தசைகள் தளர்ந்தோர், 2,000 மீட்டர் உயரத்துக்குச் செல்லுமுன் நுரையீரல் திறனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் எங்களிடம் கேளாமல் மலைக்குப் புறப்பட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

உடன் செல்வோருக்கு

நாற்காலியைத் தொடுமுன் கேளுங்கள். 'தள்ளட்டுமா?' என்ற ஒரு சொல் இல்லாமல் பின்னாலிருந்து தள்ளுவது, நடப்பவரைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, அமர்ந்திருப்பவர் மேட்டை நோக்கியிருக்குமாறு, நீங்கள் பின்னோக்கி நடந்து இறங்குங்கள். படிகளில் தூக்க நேர்ந்தால் பின்னிருப்பவர் கைப்பிடியையும் முன்னிருப்பவர் உறுதியான சட்டத்தையும் பற்ற வேண்டும். கழன்றுவிடும் கைத்தாங்கியையோ பாதப் பலகையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. எப்போது தூக்குவது என்பதை அமர்ந்திருப்பவரே எண்ணிச் சொல்லட்டும். நின்று பேசும்போது பிரேக்கைப் போட மறவாதீர்கள். ஒருவர் மட்டும் உடன் செல்வது போதாது. அவருக்குக் கால் சுளுக்கினால் இருவரும் சிக்கிக்கொள்வர். இருவர் உடனிருக்கட்டும், ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளினால் அவர்களும் மலையைக் காண்பர்.

படிப்படியாகத் தொடங்குங்கள்

முதல் பயணமே மலையாக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் தெருவில் ஒரு மணி நேரம். அடுத்து, பூங்காவில் அரை நாள். சென்னையில் இருப்போர் மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட சக்கர நாற்காலிப் பாதையில் கடல்வரை சென்று வரலாம். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்து இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவப்பு 30 நிமிடத்தில் மறையாவிட்டால், அடுத்த முறை நேரத்தைக் குறைத்து, குஷனை எங்களிடம் காட்டுங்கள். மறைந்தால் சிறிது கூட்டுங்கள். இரண்டு அரை நாள் பயணங்கள் குறையின்றி முடிந்தபின் மலையைப் பற்றி எண்ணலாம். அங்கும் முதல்நாள் தார்ச்சாலையோ சிமெண்டுப் பாதையோ உள்ள இடமே போதும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ச் சாலையில் ஒரு பகுதியை, வண்டிகள் மிகாத அதிகாலையில் சுற்றி வருவது நல்ல தொடக்கமாகும்.

திரும்பிய பின் காய்ச்சல், கலங்கிய சிறுநீர், மறையாத சிவப்பு, கால் வீக்கம், கூடிய தசை இறுக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் வாருங்கள்.

உரிமையும் முடிவும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 29ஆம் பிரிவில் பொழுதுபோக்கை உரிமையாகக் குறிப்பிடுகிறது. வெளிப்புற முகாம்களிலும் சாகசச் செயல்களிலும் அவர்கள் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. சட்டம் சொல்வது முழுமையாக நடைமுறைக்கு வரக் காலமாகலாம். சுற்றுலா இடத்தில் சாய்தளமோ கழிப்பறையோ இல்லையென்றால், அதை எழுத்தில் கேட்பதற்கு இச்சட்டம் உங்களுக்கு இடமளிக்கிறது. கேட்போர் பெருகினால்தான் பாதைகளும் பெருகும்.

குடும்பத்தாரின் தயக்கம் அன்பினால் பிறப்பது என்பதை நாங்கள் அறிவோம். நள்ளிரவில் புரட்டிப் படுக்க வைப்பவர்களும், புண்ணைத் துடைப்பவர்களும் அவர்களே; ஒரு புண்ணின் விலை அவர்களுக்குத்தான் நன்கு தெரியும். ஆயினும் எந்த அபாயத்தை எந்த அளவுக்கு ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமை, உடலுக்கு உரியவருடையது. செல்லலாம் என்றும், இன்று வேண்டாம் என்றும், பாதி வழியில் திரும்பலாம் என்றும் சொல்ல அவருக்கு இடமிருக்க வேண்டும். பாதி வழியில் திரும்புவது தோல்வியன்று. அனுபவமுள்ள மலையேறிகள் அனைவரும் அதனைச் செய்தவர்களே.

பயணத்தைத் திட்டமிடுவோர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் எங்கள் துறைக்கு வாருங்கள். பாதையின் ஒளிப்படங்களையும் அளவுகளையும், உடன் வருவோர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். தோல், சிறுநீர்ப்பை, இரத்த அழுத்தம், நாற்காலி, குஷன் ஆகியவற்றைச் சரிபார்த்து, அவசர அட்டையையும் பயிற்சியையும் தருவோம். வரும்போது எங்கே செல்ல விரும்புகிறார் என்பதைப் பயணம் செய்யப்போகிறவரே எங்களிடம் சொல்லட்டும்.